ஆறில்லாக் குடாநாட்டில் ஓர் அரிய பறவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெருகி அராலியிற் கடனீரேரியோடு கலக்கும் வழுக்கையாறு, கோடையில் வறண்டுவிடும். தொண்டைமானாறும் உப்பாறும் பெயரளவிலேயே ஆறுகள். உண்மையில் அவை கடல்நீர் உட்புகுந்த ஏரிகள். ஆயினும் பேராறுகளின் முகத்துவாரங்களிற் காணும் சேற்றுத்தரை இங்கும் கடனீரேரியின் ஓரங்களில் விரிந்து கிடக்கின்றது. நீர் வற்றும் வேளையில் அங்கு இரைதேடும் பறவைகளுள் விந்தையானது நண்டுதின்னி.

கரையோரப் பறவைகள் பலவற்றின் அலகு மெலிந்து நீண்டிருக்கும். சேற்றைத் துழாவிப் புழுவெடுக்க அதுவே ஏற்றது. நண்டுதின்னியின் அலகோ கருமையாய்த் தடித்து, குத்துவாளை ஒத்திருக்கும். வெண்மேனியும் கருமுதுகும் நீலச்சாம்பல் நிற நெடுங்கால்களும் உடைய இப்பறவை, சில அடி ஓடி, நின்று நோக்கி, மீண்டும் ஓடி, நண்டைச் சட்டெனக் கௌவும். சிறிய நண்டை முழுதாய் விழுங்கும். பெரியதைக் கொத்திச் சிதைத்து உண்ணும். இதன் குடும்பத்தில் வேறோர் இனமும் உலகில் இல்லை என்பர் பறவை நூலார்.

இல்வாழ்விலும் இது தனிவழிச் செல்வது. மணலில் வளை தோண்டி, பெரும்பாலும் ஒரே வெண்முட்டை இடும். வெயிலிற் சூடேறிய மணலும் அடைகாத்தலுக்குத் துணைபுரியும். குஞ்சு வளைக்குள் இருக்க, பெற்றோர் இரை கொணர்ந்து ஊட்டும். அரபிக் கரைகளும் செங்கடற் பகுதியுமே இதன் தலையாய தாயகம். நமக்கு அண்மையில், மன்னாரை அடுத்த ஆதாம் பால மணற்றிட்டுகளிலும் இது கூடமைப்பதுண்டு. அப்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

நம் கிணறுகள் உவராகும் துயரை யாவரும் அறிவோம். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, அந்நீரை வடமராட்சிக்குக் கொண்டுசெல்ல 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் திட்டம் வகுத்தார். 'யாழ்ப்பாணத்துக்கோர் ஆறு' எனும் அத்திட்டம் இன்றும் பேசப்படுகின்றது. குடிநீரின் தேவையை எவர் மறுப்பார்? ஆனால், உவர்நீர் நன்னீரானால் அங்கு வாழும் நண்டும் புழுவும் மாறும். அவற்றை நாடிவரும் பறவைகளும் மாறும். ஆதலின் ஓரிடத்தில் நன்னீர் தேக்கும்போது, கடலோடு கலந்த பிற சேற்றுத்தரைகளையேனும் மண்ணிட்டு நிரப்பாமலும் குப்பை கொட்டாமலும் காத்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் பறவை, இழந்ததை எளிதில் ஈடுசெய்யாது. நமக்கு வெறுஞ்சேறாய்த் தோன்றும் அந்நிலமே அதற்கு விளைவயல் என்பதை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோமாக.