கம்பி வழிச் செல்லும் குரல்



2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தனர். அத்தகைய இரவில், எத்திசை நோக்கிச் செல்வது என்று சொல்லும் குரல் ஒன்று ஒவ்வொரு தெருவுக்கும் எட்டுதல் வேண்டும். ஒருவர் பேச்சை நெடுந்தொலைவுக்குக் கம்பி வழியே கொண்டு செல்வது எங்ஙனம் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் விளையாட்டு விழாவில், மைதானத்தின் கோடியில் கட்டிய ஒலிபெருக்கி முணுமுணுத்தது. கருவி பழுது என்று எண்ணினோம். குற்றம் கருவியில் இல்லை. கம்பியின் நீளத்தில் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக்கம்பிக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம் மின்தடை உண்டு. 500 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கிக்கு மின்சாரம் போக 500 மீட்டர், திரும்ப 500 மீட்டர். ஆகக் கம்பியின் தடை 12 ஓம். ஒலிபெருக்கியின் தடையோ 8 ஓம். அனுப்பும் ஆற்றலில் ஐந்தில் மூன்று பங்கு கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடுகிறது!

இதற்கு மாற்று என்ன? அத்திப்பட்டை அடுத்துள்ள வட சென்னை அனல் மின் நிலையம் செய்வதையே நாமும் சிறிய அளவில் செய்கிறோம். மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பினால் மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும். ஒலிபெருக்கி அமைப்பில் 100 வோல்ட்டுக்கு உயர்த்தி, மறுகோடியில் சிறு மின்மாற்றியால் இறக்குவர். 10 வாட் அனுப்பப் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். அதே கம்பியில் இப்போது இழப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே நிற்கும்.

ஆனால், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பத்துக் கிலோமீட்டருக்கு மேல். அத்தொலைவுக்கு வேறு வழி உண்டு. குரலை நொடிக்கு 48,000 முறை அளந்து, எண்களாக்கி, கணினி வலையில் சிறுசிறு பொட்டலங்களாக அனுப்புகின்றனர். வலைக்குரிய செப்புக்கம்பி ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர்தான் தாங்கும். அதற்கு மேல் கண்ணாடி இழை வேண்டும். அதில் ஒளியாகச் செல்லும் செய்தி பத்துக் கிலோமீட்டரையும் தளராது கடக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இழையில் செய்தி கண்ணிமைக்கும் முன் சேர்ந்துவிடும். காற்றில் ஒலியோ நொடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்லும். 170 மீட்டர் இடைவெளியுள்ள இரு ஒலிபெருக்கிகள் ஒரே கணத்தில் பேசினால், ஒன்றின் அடியில் நிற்பவருக்கு மற்றதன் குரல் அரை நொடி பிந்தி வரும். சொல்லின்மேல் சொல் விழுந்து பொருள் குழம்பும். ஆகவே ஒலிபெருக்கிகளை ஒரே திசை நோக்கி நிறுத்தி, அடுத்தடுத்தவற்றைக் கணக்கிட்டுத் தாமதிக்கச் செய்ய வேண்டும். அறிவிப்பவரும் சிறு சொற்றொடர்களாக, இடைவெளி விட்டுப் பேசுதல் நலம்.

மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. கண்ணாடி இழை செய்தியைச் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது சென்னையில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல பகுதிகள் இருளில் மூழ்கியது நினைவிருக்கும். மின்சாரம் நின்றால் ஒவ்வொரு கம்பத்திலுள்ள கருவியும் ஊமையாகும். ஆதலால் கம்பந்தோறும் மின்கலம் வேண்டும். உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். அவற்றை மூடிக் காக்கவும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டுவது ஒத்திகை. வாரம் ஒருமுறை பேசிப் பார்த்து, குப்பத்தின் கடைசி வீட்டு வாசலில் நிற்பவரைக் கேட்க வேண்டும்: “என்ன சொன்னோம்?” அவர் சரியாகத் திருப்பிச் சொன்னால் அமைப்பு தேறிற்று. ஒலி கேட்டது என்று மட்டும் சொன்னால் தேறவில்லை. வகுப்பறையில் கடைசி வரிசை மாணவனைக் கொண்டே என் பாடத்தை நான் அளந்து வந்தேன். இதற்கும் அளவுகோல் அதுவே.