வாழையடி வாழை தழைக்க...

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள்களுக்கு முன்பே ஜூஜுவாடியின் சாலையோரங்களில் வாழைக்கன்றுகள் வந்து குவியத் தொடங்கிவிடும். ஒசூர் மாநகராட்சியின் வட எல்லையில், கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு அண்டை ஊராக அமைந்திருப்பது ஜூஜுவாடி. சுற்றிலும் தொழிற்கூடங்கள். ஆண்டு முழுவதும் இரும்பையும் எண்ணெயையும் அறிந்த இயந்திரங்கள், அந்த ஒரு நாளில் இருபுறமும் வாழை கட்டி, சந்தனமும் குங்குமமும் பூண்டு நிற்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில், யுகாதிக்கும் வரலட்சுமி நோன்புக்கும் விநாயக சதுர்த்திக்கும் வாழையின்றி எந்த இல்லத்திலும் பூஜை தொடங்குவதில்லை. தமிழர் வாழை என்பதைக் கன்னடர் பாளெ என்பர். தெலுங்கர் அரட்டி என்பர். பெயர் மாறினாலும் மரியாதை மாறுவதில்லை.

ஆயினும், அர்ச்சனைத் தட்டைச் சற்று உற்று நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படும். பூவன், ரஸ்தாளி, ஏலக்கி, கற்பூரவள்ளி என்று ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பழங்களின் இடத்தைப் பல நகரங்களில் மோரிஸ், ரொபஸ்டா, ஜி-9 என்று வழங்கப்படும் நீண்ட பழம் பிடித்துக்கொண்டுவிட்டது. இவை அனைத்தும் கேவண்டிஷ் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இறைவனுக்குப் படைக்கும் பழம் எது என்பதைப் பக்தர் தீர்மானித்த காலம் போய், கடையில் தொங்கும் தார் தீர்மானிக்கும் காலம் வந்திருக்கிறது. இது சுவையைப் பற்றிய சிறு குறை மட்டும் அன்று. வாழையின் எதிர்காலத்தையே தொடும் செய்தி.

விதையில்லாப் பெருமை

தேங்காயும் வாழைப்பழமும் நிவேதனத்தில் முதலிடம் பெறுவதற்குப் பெரியோர் ஒரு விளக்கம் கூறுவர். மற்றக் கனிகளை உண்டு எறிந்த கொட்டையிலிருந்து மீண்டும் மரம் முளைக்கும். வாழை அவ்வாறு எச்சில் பட்ட விதையிலிருந்து முளைப்பதில்லை. தாயின் அடியிலிருந்து கன்றாகவே எழுகிறது. ஆகவே அது தூயது என்பது அவர்கள் கருத்து. மணமக்களை 'வாழையடி வாழையாக' வாழ்த்துவதும் இக்காரணம் பற்றியே.

தாவர அறிவியலும் இதே உண்மையை வேறு கோணத்தில் கூறுகிறது. இன்று நாம் உண்ணும் வாழை வகைகள், விதைகள் நிறைந்த காட்டு வாழை இனங்களின் வழித்தோன்றல்கள். பழத்தில் விதை அற்றுப்போனதால், ஒவ்வொரு கன்றும் தாயின் மறுபதிப்பாக அமைகிறது. தாயின் இனிமை அப்படியே கன்றுக்கு வருகிறது. தாயின் பலவீனமும் அப்படியே வருகிறது. ஒரு நோய் ஒரு மரத்தை வீழ்த்த வல்லதாயின், அதே வகையைச் சேர்ந்த தோட்டம் முழுவதையும் வீழ்த்த வல்லதாகும். வாழையைத் தூய்மையின் சின்னமாக்கிய அதே இயல்புதான் அதனை நோயின் முன் நிராயுதபாணியாகவும் நிறுத்துகிறது.

இரண்டு தலங்கள், இரண்டு பழங்கள்

இதற்குப் பழநி ஒரு சான்று. தண்டாயுதபாணி சுவாமியின் பஞ்சாமிர்தத்துக்குப் பெருமை சேர்ப்பது விருப்பாட்சி மலைவாழை. பழநி மலைத்தொடரின் கீழ்ப்பகுதிகளில், காப்பிச் செடிகளுக்கு நிழல் தந்தபடி வளரும் இவ்வாழையின் பழத்தில் நீர்ச்சத்து குறைவு, மணம் மிகுதி. நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு ஆகியவற்றுடன் பிசையும்போது ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. பல நாள் கெடாமல் இருப்பதன் நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது.

இந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் சூழ்ந்தது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியால் செடிக்குச் செடி பரவும் நச்சுயிரி இது. நோயுற்ற மரத்தின் இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் குவிந்துவிடும், தார் தள்ளாது. பூச்சி பரப்பியது ஒருபுறம் இருக்க, நோயுற்ற தாயிடமிருந்து கன்று எடுத்து நட்ட மனிதக் கைகளும் அறியாமல் அதைப் பரப்பின. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் விளைந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. 'வாழையடி வாழை' என்ற வாழ்த்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தாய் நோயற்றதாக இருக்க வேண்டும்.

மீட்பு முயற்சி அந்த நிபந்தனையிலிருந்தே தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவியலாளர்கள் வாழையின் நுனி வளர்திசுவிலிருந்து நச்சுயிரி அற்ற கன்றுகளை உருவாக்கி, சோதித்து, மலைவிவசாயிகளிடம் சேர்ப்பித்தனர். 2008-இல் விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரு மலைவாழைகளும் புவிசார் குறியீடு பெற்றன. 2019-இல் பழநி பஞ்சாமிர்தமும் அக்குறியீட்டைப் பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் அப்பெருமையை முதலில் அடைந்தது அதுவே. பஞ்சாமிர்தத்தின் தேவை இருந்ததால் பழத்துக்கு மதிப்பு இருந்தது. மதிப்பு இருந்ததால் அதை மீட்க மனிதர் முன்வந்தனர்.

எல்லைக்கு அப்பால், மைசூரு மாவட்டத்தில் கபிலை நதிக்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் எழுந்தருளியுள்ள நஞ்சன்கூட்டிலும் இத்தகைய கதை உண்டு. அத்தலத்தின் பெயரையே தாங்கிய நஞ்சன்கூடு ரசபாளெ, நம் ரஸ்தாளியின் உறவுப்பழம். அதனை அரித்தது பனாமா வாடல்நோய். மண்ணில் வாழும் பூஞ்சணத்தால் வருவது இது. ஒருமுறை நிலத்தில் புகுந்தால் பல்லாண்டுகள் அங்கேயே தங்கிவிடும். புவிசார் குறியீடு பெற்ற அப்பழம், பெயரளவில் எங்கும் அறியப்பட்டு, தோட்டங்களில் அரிதாகிப்போனது.

உலகம் கற்ற பாடம்

இதே வாடல்நோய் ஒரு காலத்தில் உலக வணிகத்தையே புரட்டிப்போட்டது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியான வாழை, குரோ மிஷல் என்ற ஒரே வகை. மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் அது அழியவே, 1950-களை ஒட்டிய காலத்தில் அந்நோயைத் தாங்கிய கேவண்டிஷ் அதன் இடத்துக்கு வந்தது. இன்று அந்தக் கேவண்டிஷையே தாக்கும் புதிய வகைப் பூஞ்சணம் தோன்றி, ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் பரவியிருக்கிறது. நம் நாட்டில் பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் தோட்டங்களிலும் அது கண்டறியப்பட்டுள்ளது.

உலகில் மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் நம் வலிமை விளைச்சலின் அளவில் மட்டும் இல்லை; வகைகளின் பெருக்கத்தில் இருக்கிறது. காவிரிக்கரையின் பூவன், குமரி மாவட்டத்தின் மட்டி, நேந்திரன், செவ்வாழை, பச்சைநாடன், கறிக்குரிய மொந்தன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு பருவம், ஒரு பயன். திருச்சியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இவ்வகைகளைத் திரட்டிக் காத்துவருகிறது. ஆராய்ச்சி மையம் காப்பது வித்து. அதை வாழ்விப்பது வீடுகளின் பழக்கம்.

இலைக்காக ஒரு பிள்ளை

பழத்தோடு நின்றுவிடுவதன்று வாழையின் கொடை. பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் வரலாற்றை அறியாதார் இலர். திங்களூருக்கு எழுந்தருளிய அப்பருக்கு அமுது படைக்க, மூத்த மகன் தோட்டத்தில் வாழைக்குருத்து அரியச் சென்றான், அரவம் தீண்டியது. நஞ்சு தலைக்கேறும் முன் ஓடிவந்து இலையைத் தாயின் கையில் சேர்த்த பின்னரே அவன் விழுந்தான். அப்பர் பதிகம் பாடி அவனை உயிர்ப்பித்தார். அடியார்க்கு இடும் இலை அக்குடும்பத்துக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

அந்த இலையின் இடத்தில்தான் விருந்துகளில் பிளாஸ்டிக் பூசிய தட்டுகளும் மேசை விரிப்புகளும் வந்து அமர்ந்தன. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அவற்றுக்குத் தடை நடப்பில் இருக்கிறது. சட்டம் வழிகாட்டியிருக்கிறது, வழக்கம் திரும்ப வேண்டியது பந்தியில்.

சமையலறையிலும் வாழை முழுமையாகவே பயன்பட்டது. கள்ளன் நீக்கி ஆய்ந்த பூ உசிலியாகும், வடையாகும். நார் எடுத்து மோரில் இட்ட தண்டு கூட்டாகும், பச்சடியாகும். காய் வறுவலும் பொடிமாஸும் ஆகும். சத்யநாராயண பூஜையில் ரவை, பால், சர்க்கரை, நெய்யுடன் பழமும் சேர்ந்து பிரசாதமாகும். பூ ஆய்வதற்கு நேரமில்லை என்பதே இன்று பல வீடுகளில் கேட்கும் சொல். ஆனால் ஒரு குடும்பம் பூவையும் தண்டையும் காயையும் கேட்டு வாங்கினால், தாரின் விலை சரியும் நாளிலும் விவசாயியின் கணக்கில் வேறொரு வரவு விழும். தாரை வெட்டிய பின் வயலில் எஞ்சும் மரம் சுமையாகாமல் வருவாயாகும். மட்டையிலிருந்து உரிக்கும் நார் பூத்தொடுக்க மட்டுமன்றி, சென்னையை அடுத்த அனகாபுத்தூரில் புடவை நெய்யவும் பயன்படுகிறது. சருகு தொன்னையாகி, கோயிலில் சுண்டலும் பொங்கலும் ஏந்துகிறது.

உண்ணாத வாழையும் தெய்வமே

திருச்சியை அடுத்த திருப்பைஞ்ஞீலியில் ஞீலிவனேசுவரர் கோயிலின் தலவிருட்சம் ஞீலி என்னும் வாழை. ஊரின் பெயரிலும் இறைவனின் பெயரிலும் அது கலந்திருக்கிறது. அதன் கனியை எவரும் உண்பதில்லை. இறைவனுக்குப் படைத்தபின் நீரில் விட்டுவிடுவது மரபு. திருமணம் தடைப்பட்டோர் அவ்வாழைக்குப் பரிகார பூஜை செய்கின்றனர். தமக்கு உணவாகாத ஒரு வாழையையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்பதற்கு ஒரு மரபு வேண்டியிருக்கிறது. சந்தை அதைச் செய்யாது. நோயைத் தாங்கும் பண்பைத் தேடி அறிவியலாளர் இன்று நாடுவதும், உண்ணத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட காட்டு வாழைகளையே.

பக்தர்கள் செய்யக்கூடியது பெரிதன்று. அர்ச்சனைக்குப் பழம் வாங்கும்போது, அந்தந்த வட்டாரத்தின் நாட்டு வகையைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். ஒசூர்ப் பகுதிக் கடைகளில் ஏலக்கிக்குச் சற்றே கூடுதல் விலை கொடுக்க நேரலாம். அந்தக் கூடுதல்தான் அதை வளர்ப்பவரைத் தோட்டத்தில் நிலைக்கச் செய்யும். கோயில் நந்தவனங்களிலும், இடமுள்ள இல்லங்களின் கிணற்றடியிலும் அருகிவரும் வகையின் நோயற்ற கன்று ஒன்றை நடலாம். உறவினர் தோட்டத்திலிருந்து கன்று பெறும்போது, தாய்மரத்தின் இலைகள் உச்சியில் குவிந்திருக்கின்றனவா என்று பார்த்துப் பெறுதல் நலம்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், வாயிலில் கட்டிய வாழைகள் குப்பை வண்டிக்குப் போவதையும் தவிர்க்கலாம். தார் தள்ளாத கன்றில் கறிக்குரிய தண்டு இராது. ஆனால் நறுக்கிப் போட்டால் மாடு விரும்பி உண்ணும், எருக்குழியில் இட்டால் அடுத்த கன்றுக்கு உரமாகும். பூஜையில் நின்ற வாழை பசுவின் வாயைச் சேர்வது, இறைவனுக்கு உகந்த நிறைவு.