போனக்காட்டுப் பச்சிலையும் தில்லிச் சட்டமும்
வைரஸை வெல்லும் மூலிகை நாளை கிடைத்தால் பலன் யாருக்கு?

திருவனந்தபுரம் மாவட்டம் விதுராவைத் தாண்டி மலையேறினால் போனக்காடு. பிரிட்டிஷார் காலத்தில் தேயிலை பயிரிடப்பட்ட இந்த மலைக் கிராமம், 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் தொடங்கும் இடம். சித்த மருத்துவத்தின் முதல் ஆசானாகத் தமிழர் போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய இம்மலை, மூலிகைகளின் கருவூலம். 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அகத்தியமலை, 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது.

2018இல் கோழிக்கோட்டில் நிபா, 2020இல் நாடெங்கும் கொரோனா என வைரஸ் நோய்கள் அடுத்தடுத்துத் தாக்கியதை அடுத்து, மூலிகைகளில் வைரஸைத் தடுக்கும் பொருள்களைத் தேடும் ஆய்வு முக்கியத்துவம் பெற்றுள்ளது. திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கல்லில் வைரஸ் நோய்களுக்கென்றே கேரள அரசு தனி ஆய்வு நிறுவனம் அமைத்துள்ளது. மலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஆனால், மலையில் வாழும் மக்களுக்கும் மருந்தின் லாபத்துக்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் குறையவில்லை.

கீழாநெல்லி சொல்லும் பாடம்

வைரஸ் தானாகப் பெருகுவதில்லை. உயிரணுவின் மேல் ஒட்டி, உள்ளே நுழைந்து, அதன் இயந்திரத்தைக் கொண்டே தன்னைப் படியெடுக்கிறது. இந்தப் படிகளில் ஏதேனும் ஒன்றை உயிரணுவுக்குக் கேடின்றித் தடுக்கும் பொருளே வைரஸ் எதிர்ப்பு மருந்தாக முடியும். மூலிகைச் சாற்றைச் சோதனைக் குழாயில் சோதித்துப் பலன் காண்பது தொடக்கம் மட்டுமே. அதன்பின் செயல்படும் பொருளைப் பிரித்தெடுத்து, நச்சுத்தன்மையை அளந்து, மனிதர்களிடம் முறைப்படி சோதிக்க வேண்டும். பெரும்பாலான சாறுகள் இடையிலேயே நின்றுவிடுகின்றன.

மஞ்சள் காமாலைக்குத் தமிழ் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் கீழாநெல்லியின் கதை இதற்குச் சான்று. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆய்வு 1988இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஹெபடைடிஸ்-பி வைரஸைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லா மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிற நாடுகளில் நடந்த சோதனைகள் அதே பலனைத் தரவில்லை. சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு, போதிய சான்று இல்லை என்று 2011இல் கூறியது.

பலன் உறுதியாகும் முன்பே காப்புரிமை உறுதியாகிவிட்டது. ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அவருடைய சகாக்களும் இச்செடி இனத்தின் சாற்றைக் கொண்டு கல்லீரல் அழற்சிக்குச் சிகிச்சை தரும் முறைக்கு 1987இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அதற்குரியது பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. நம் கடற்கரைப் புன்னையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் மலேசியாவின் சரவாக் காடுகளில் வளர்கிறது. எச்ஐவி வைரஸ் படியெடுப்பதைத் தடுக்கும் 'கலனோலைட்-ஏ' என்னும் பொருளை அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் அதில் கண்டது. சரவாக் அரசு விழித்துக்கொண்டு, அதை வளர்த்தெடுக்க அமைந்த கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் ஆனது. மருந்து சந்தைக்கு வரவில்லை என்றபோதிலும், உரிமையை முன்னதாகவே பேசி முடிக்க முடியும் என்பதை அது காட்டியது.

காணி மக்களின் அனுபவம்

அகத்தியமலை இதில் முன்னோடி. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழு இம்மலையில் ஏறியபோது, வழிகாட்டிகளாக வந்த காணி பழங்குடியினர் ஒரு காயைத் தின்று களைப்பின்றி நடந்தனர். வற்புறுத்திக் கேட்டபின் அவர்கள் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அது வைரஸ் மருந்தன்று, சோர்வு நீக்கி. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகை ரூ.10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இவற்றில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் நடந்த இந்த ஏற்பாட்டை உலகம் பாராட்டியது.

ஆயினும் குறைகள் தெரியத் தொடங்கின. செடியை அறுவடை செய்ய வனத்துறை தடை எழுப்பியது. பேச்சுவார்த்தையில் தங்களுக்கு இடமில்லை எனப் பல காணிக் குடியிருப்புகள் குறைகூறின. தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசம் மலையிலும் குமரி மாவட்டத்திலும் வாழும் காணிகளோ கணக்கிலேயே வரவில்லை. மாநில எல்லை மலையைப் பிரித்தது. அறிவு அந்த எல்லையைப் பார்த்துப் பிறந்ததல்ல.

தளரும் பிடி

பின்னர் 2002இல் நாடாளுமன்றம் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இயற்றியது. உள்நாட்டு நிறுவனங்களும் பலனைப் பகிர்ந்தாக வேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2023இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு அளித்தது. மீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையும் நீங்கி, அபராதமானது. ஆயுஷ் துறை வளரவும், ஆராய்ச்சிக்கான தடைகள் குறையவும் இது தேவை என்பது அரசின் வாதம்.

இந்த வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு இலைக்கும் அனுமதிக்குக் காத்திருந்தால் ஆய்வு நகராது. ஆனால், விலக்கு யாருக்குப் பயன் தருகிறது என்று பார்க்க வேண்டும். கீழாநெல்லியும் நிலவேம்பும் ஏட்டில் உள்ளவை. நாளை அவற்றிலிருந்து வைரஸ் மருந்து வந்தால், அச்செடிகளைப் பேணி வந்த கிராமத்துக்கு இந்திய நிறுவனம் பங்கு தர வேண்டிய கட்டாயம் இராது. காணிகளின் அறிவு ஏட்டில் ஏறாத வாய்மொழி அறிவு. எனவே அதற்கு இன்னும் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஏட்டறிவு எங்கே முடிகிறது, வாய்மொழி அறிவு எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை வரைவது யார்? அந்த வாய்ப்பு மலைவாழ் மக்களுக்குத் தரப்படவில்லை.

காப்புரிமை கோருவோர் மரபு வளத்தின் பிறப்பிடத்தை வெளியிட வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெளிநாட்டு நிறுவனங்களிடம் கேட்கும் நியாயத்தை உள்நாட்டு நிறுவனங்களிடம் கேட்கத் தயங்கக் கூடாது. ஆய்வு தொடங்கும் முன்பே கிராம சபையின் ஒப்புதல், இரு மாநிலக் காணிகளுக்கும் ஒரே அறக்கட்டளை, செடியை வளர்த்து விற்க வனத்துறையின் தெளிவான அனுமதி ஆகிய மூன்றையும் செய்ய புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. மருந்து கிடைக்குமா என்பதை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். கிடைத்தால் யாருக்கு என்பதை நாடாளுமன்றம்தான் சொல்ல வேண்டும்.