வறுத்த பயறும் முளைக்கிறது!

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் சாலையில் போனால் பாலுசெட்டிசத்திரத்துக்கு அருகில் திருப்புட்குழி என்ற சிறிய ஊர் இருக்கிறது. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த ஸ்தலம் என்பது ஐதிகம். விஜயராகவப் பெருமாளுடன் கோயில் கொண்டிருக்கும் மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வருவார்கள். வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்ததும் அது முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பிக்கை.

வறுத்த பயறு முளைக்காது என்பது அடுக்களையில் புழங்குகிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முளைத்தால் அதிசயம். இன்டர்நெட்டில் ஆராய்ச்சிக் கணிப்பு நடத்துகிறவர்களும் இந்த விதியை நம்பித்தான் இருந்தார்கள். உயிருள்ளது முளைக்கும், உயிரற்றது முளைக்காது. கேள்விகளுக்கு நடுவே ஒரு சோதனை வைத்தால் மனிதர் தேறுவார், யந்திரம் தோற்கும். அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

"யந்திரம் எதற்காக மெனக்கெட்டுப் பதில் சொல்ல வருகிறது?" என்கிறீர்களா? எல்லாம் காசுக்காகத்தான். தறிக் குழியில் நாள் முழுதும் காலைத் தொங்கவிட்டு நெய்கிற பெண்களுக்கு இடுப்பு வலி உண்டா, கண் மங்குகிறதா என்று ஒருவர் விசாரிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்பவருக்கு நூறு ரூபாய் சன்மானம் என்று பொதுவில் அறிவிக்கிறார். பொழுது சாய்வதற்குள் ஐந்நூறு பதில்கள் வந்து குவியலாம். அவற்றில் பெரும்பாலானவை, தறியைக் கண்ணாலும் பார்த்திராத ஓர் ஆசாமி தன் கம்ப்யூட்டரை விட்டு நிரப்பச் சொன்னவையாக இருக்கலாம். 'பாட்' என்று இந்த யந்திரப் பேர்வழிக்குப் பெயர். வலி இல்லை, கண் நன்றாகத் தெரிகிறது என்று அது எழுதிவிட்டால், அந்த ஊருக்கு வரவேண்டிய வைத்திய முகாம் வராமலே போகும்!

யந்திரம் மட்டுமா? மனிதர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2022-இல் அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம், இஷ்டப்பட்டவர்கள் சேருகிற இன்டர்நெட் கணிப்பு ஒன்றில், "அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை ஓட்ட உங்களிடம் லைசென்ஸ் உண்டா?" என்று ஒரு கேள்வியைச் செருகியது. முப்பது வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 'உண்டு' என்றார்கள்! கேள்வியைப் படிக்காமலே கட்டத்தை அமுக்கிக்கொண்டு போனால் இப்படித்தான்.

இத்தகைய தில்லுமுல்லைப் பிடிக்கப் பல பொறிகள் இருந்தன. கோணல்மாணலான எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். படத்தில் எங்கே பஸ் இருக்கிறது என்று கேட்பார்கள். "இந்தக் கேள்விக்கு மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று திடீரென ஒரு வரி வரும். 2025 நவம்பரில் டார்ட்மத் கல்லூரியின் சீன் வெஸ்ட்வுட் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஏமாற்றுவதற்காக அல்ல, ஏமாற்ற முடியுமா என்று பார்ப்பதற்காகவே செயற்கை அறிவைக் கொண்டு ஒரு போலி ஆசாமியை உண்டாக்கினார். கொடுத்த வயதுக்கும் படிப்புக்கும் தக்கபடி அது நிதானமாகப் படிப்பதுபோல் நேரம் எடுத்துக்கொண்டது. தட்டச்சில் எழுத்துப் பிழை விட்டு, பிறகு திருத்தியது! கவனச் சோதனைகளில் 99.8 சதவீதம் தேறிவிட்டது. திருப்புட்குழியில் வறுத்த பயறு முளைத்தால் தாயார் அருள். இங்கே முளைப்பது சுத்தப் பித்தலாட்டம்.

சோதனையைக் கடுமையாக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். அதில்தான் எனக்குப் பயம். நெசவாளர் வீடு ஒன்றில் மாமியார், மருமகள், நாத்தனார் மூவருக்கும் ஒரே போன். மூன்று பதிலும் அதிலிருந்தே போகும். 'ஒரே ஆள் மூன்று தடவை எழுதியிருக்கிறான்' என்று கம்ப்யூட்டர் மூன்றையும் தள்ளிவிடும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிற பாட்டிக்கு நேரமாகும், அதுவும் சந்தேகத்துக்கு இடம். போலியோ சுத்தமாகப் பதில் எழுதி, சன்மானத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடும். திருடனைப் பிடிக்க வைத்த பொறியில் வீட்டுக்காரி அகப்பட்ட கதை!

இந்தச் சந்தேகம் நமக்குப் புதிதல்ல. 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரைக் கணக்கெடுத்த பேராசிரியர் மஹலனோபிஸ், வயலுக்குப் போகாமலே உட்கார்ந்த இடத்தில் எண்களை எழுதிவிடுகிற ஆட்களும் இருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தார். ஒரே வட்டாரத்தில் இரண்டு கோஷ்டிகளைத் தனித்தனியே மாதிரி எடுக்கச் செய்து, இரண்டு கணக்கையும் ஒப்பிட்டார். ஏறுமாறாக இருந்தால், எங்கே கோளாறு என்று தேட வேண்டியதுதான். பதிலைச் சோதிப்பதைவிட, பதில் வந்த வழியைச் சோதிப்பது என்ற இந்த யோசனை இன்றைக்கும் கைகொடுக்கும். கேள்வித்தாளைச் சந்தையில் இறைக்காமல், சங்கத்தின் அங்கத்தினர் பட்டியல் போன்ற ஒன்றிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு தனி இணைப்பாக அனுப்பலாம். சிலரைப் போனில் கூப்பிட்டு இரண்டொரு கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகு சன்மானம் கொடுத்தால் போதும். (உங்களுக்கு வாட்ஸ்அப்பில் 'கணிப்பு' வந்து ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் அது கணிப்பே அல்ல, கொள்ளை.)

செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் கூடும். 2019-20-இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய்த்தான் சுமார் 35 லட்சம் தொழிலாளர்களைக் கணக்கிட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்ற செய்தி நமக்குக் கிடைத்தது அப்படித்தான். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டார் தாங்களே இன்டர்நெட்டில் விவரங்களைப் பதிய வசதி உண்டு. பதிந்ததும் ஓர் எண் கிடைக்கும். ஆனாலும் கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்து, அந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு.