ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: காசு கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



"மகள தியேட்டர் டெக்னீஷியன் கோர்ஸுக்கு அனுப்பலாமா? ஆறு மாசத்துல சர்டிபிகேட், அப்புறம் வெளிநாட்டு வேலைன்னு சொல்றாங்களே" என்று பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். இதற்காகச் சிலர் நகையை அடகு வைக்கிறார்கள், சிலர் வட்டிக்கு வாங்குகிறார்கள். ஆகவே இந்த வேலை என்ன, அதற்குச் சரியான வழி எது என்பதை இம்முறை விளக்குகிறோம்.

தியேட்டரில் என்ன வேலை?

சத்திரசிகிச்சை செய்பவர் ஒரு டாக்டர். மயக்க மருந்து கொடுப்பவர் இன்னொரு டாக்டர். கத்தி, கத்தரிக்கோல், ஊசி, நூல் என்று டாக்டர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்பார். கை இடுப்புக்குக் கீழே போய்விட்டால், கண்ணுக்கு அழுக்கு தெரியாவிட்டாலும் அது சுத்தமில்லாத கை என்றுதான் கணக்கு. யாரும் பார்க்காவிட்டாலும் "என் கையுறை பட்டுப் போச்சு" என்று தானே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நேர்மைதான் இந்த வேலைக்கு முதல் தகைமை.

அடுத்தது எண்ணிக்கை. இரத்தம் ஒற்றும் துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் தொடங்குமுன் எண்ண வேண்டும். வெட்டிய இடத்தைத் தைத்து மூடுமுன் திரும்பவும் எண்ண வேண்டும், முடிவிலும் எண்ண வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கு தப்பினால் சம்பளம் குறையும். இங்கே கணக்கு தப்பினால் நோயாளியின் வயிற்றுக்குள் துணி தங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன் இந்த எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு முறை, நம் நாட்டில் ஒரு முறை

அமெரிக்காவில் இந்த வேலைக்குத் தனியாக ஆட்களைப் படிப்பிக்கிறார்கள். 'சர்ஜிக்கல் டெக்னோலொஜிஸ்ட்' என்பது அவர்களுடைய பெயர். அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை படித்து, ஆஸ்பத்திரித் தியேட்டரில் பயிற்சியும் எடுக்க வேண்டும். அதன் பிறகு 'சி.எஸ்.டி.' என்ற தேசியப் பரீட்சை எழுதலாம். அதில் 175 கேள்விகள், 150 கேள்விகளுக்கே புள்ளி. பாஸ் பண்ணிய பிறகும் சான்றிதழைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். இங்குள்ள ஒரு கடையின் மேல்மாடியில் ஆறு மாதம் படித்து வாங்கும் சான்றிதழை வைத்து அந்தப் பரீட்சைக்கு உட்கார முடியாது. "முடியும்" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி கொடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். ஆகவே இங்கே தியேட்டருக்குள் போக நேர்வழி தாதியர் பயிற்சிதான். அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும். பயிற்சி மூன்று வருடம், அரசாங்கப் பயிற்சியின்போது கொடுப்பனவும் உண்டு. விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். வயது, பாடத் தகைமை எல்லாவற்றையும் அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயர்தரம் சரிவராத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. பராமரிப்பாளர் போன்ற வேலைகளுக்குத் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அதில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. ஒரு மட்டம் முடித்தால் அடுத்ததுக்கு ஏற இடமிருக்கிறது. சில தனியார் வைத்தியசாலைகளும் பயிலுனர்களைச் சேர்த்துப் பழக்குகின்றன. ஆனால் அந்தப் பயிற்சி வெளியிலும் செல்லுமா என்பதைச் சேருமுன் கேட்டு அறியுங்கள்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? பதிவு இலக்கம் என்ன?
2. நிறுவனம் மட்டுமல்ல, இந்தக் கோர்ஸும் அங்கீகாரம் பெற்றதா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, அவர்களே அச்சடித்ததா?
3. தியேட்டர் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை நாள்? அந்த வைத்தியசாலையில் போய் விசாரித்தீர்களா?
4. முழுக் காசையும் முதலிலேயே கேட்கிறார்களா? இடையில் நின்றால் திருப்பித் தருவார்களா? ரசீது உண்டா?
5. வெளிநாட்டு வேலை என்றால், ஏஜன்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? 1989 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்துக் கேட்கலாம்.

இவற்றுக்கு ஒழுங்கான பதில் வராத இடத்தில் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியவை

பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் மூன்றையும் கவனியுங்கள். தியேட்டரில் மருந்து, கருவி பெயரெல்லாம் ஆங்கிலம்தான். "கொழுந்து சீசன், ரெண்டு நாள் தம்பியப் பாத்துக்க" என்று பிள்ளையை மறித்தால், விட்ட பாடத்தைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர் என்று நம் பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது. எழுத்துப் பிழையால் விண்ணப்பம் திரும்பி வந்தால், திருத்தி முடிப்பதற்குள் திகதி போய்விடும். சாதாரண தரத்துக்கு முன்பே திருத்துங்கள். பதிவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவுக்குப் பதிவாளரிடம் போகலாம். அடையாள அட்டைக்குப் பாடசாலை அதிபர் மூலம் விண்ணப்பிக்கலாம். கிளினிக் அட்டையையும் பத்திரமாக வையுங்கள். இரத்தத்தோடு புழங்கும் வேலைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட விபரம் தேவைப்படும்.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இரத்தம் பார்த்தால் தலை சுற்றுமா? மணிக்கணக்காக நிற்க முடியுமா? இரவு டியூட்டிக்குச் சம்மதமா? ஆண்பிள்ளைகளுக்கும் இந்த வேலை உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

விளம்பரத் தாளோ, கட்டணத் துண்டோ, ஏஜன்சிக் கடிதமோ எது கையில் கிடைத்தாலும் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்கிறோம், தேவையான இடத்துக்குக் கடிதமும் எழுதித் தருகிறோம். காசைக் கட்டிவிட்டு வந்தால் எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம். கட்டுமுன் வாருங்கள்.