ஒரு கணினியில் மட்டும் கணக்கு நின்றுவிட்டால்

நான்கு தறிகளில் ஒரே வகைப் பாவு ஏற்றப்பட்டிருக்கிறது. மூன்றில் நெசவு செவ்வனே நடைபெறுகிறது. நான்காவதில் மட்டும் இழை அடிக்கடி அறுகிறது. அநுபவமுள்ள நெசவாளர் உடனே நூலைக் குறை கூறமாட்டார். அந்தத் தறியின் அச்சையும் விழுதையும் நாடாவையுமே முதலில் பார்ப்பார். நம் சங்க அலுவலகங்களில் கணக்கு வைக்கும் கணினிகளுக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆயினும் அங்கே நாம் இதை மறந்து, நூலையே வெட்டி எறியத் துணிந்துவிடுகிறோம்.

நான் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வாறே நேர இருந்தது. அங்கு மூன்று கணினிகள் உள்ளன. நூல் பட்டுவாடா, துணி வரவு, கூலி, பங்குத் தொகை ஆகிய யாவும் மைக்ரோசாப்ட் அக்ஸஸ் என்னும் தரவுத்தள நிரலில் பதிவாகின்றன. மறுநாள் கூலி வழங்க வேண்டும். பெண் எழுத்தர் ஒருவர் தமது கணினியில் கூலிப் பட்டியலைத் திறந்தார். நிரல் தானே மூடிக்கொண்டது. மீண்டும் திறந்தார், மீண்டும் மூடிக்கொண்டது. கணக்குக் கோப்பே கெட்டுவிட்டதென்று எல்லோரும் அஞ்சினர். எழுத்தரிடம் விளக்கம் கேட்க வேண்டுமென்றார் ஒருவர். சென்ற மாத இறுதியில் எடுத்த பிரதியை இதன்மேல் பதித்துவிடலாமென்றார் மற்றொருவர். அவ்வாறு செய்திருந்தால், மூன்று வாரங்களில் நெசவாளர்கள் ஒப்படைத்த துணியின் வரவு முழுவதும் அழிந்திருக்கும்.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: "மற்ற இரு கணினிகளில் இதே பட்டியல் திறக்கிறதா?" ஒருவரும் முயன்று பார்த்திருக்கவில்லை. முயன்றபோது இரண்டிலும் தடையின்றித் திறந்தது. கூலிப் பட்டியல் அவற்றுள் ஒன்றிலிருந்தே அச்சாயிற்று.

இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். 1992-ஆம் ஆண்டு வெளிவந்த அக்ஸஸ், ஒரு கோப்பினுள் கணக்கு முழுவதையும் அடக்கி வைக்கும் நிரலாகும். பலர் பயன்படுத்தும் இடத்தில் கணக்குக் கோப்பு ஒன்றே பொதுவானது. அதைப் படித்துக் காட்டும் நிரலோ ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இயங்குகிறது. பேரேடு ஒன்று, அதைப் படிக்கும் மூக்குக் கண்ணாடிகள் மூன்று என்று கொள்ளலாம். பேரேட்டில் எழுத்து அழிந்திருந்தால் மூவருக்குமே தெரியாது. ஒருவருக்கு மட்டும் தெரியவில்லையெனில் முதலில் அவரது கண்ணாடியைத்தான் துடைக்க வேண்டும்.

இத்தகைய சமயத்தில் பின்பற்ற வேண்டிய முறை வருமாறு.

முதலாவது, எல்லோரும் நிரலை மூடிய பின் கணக்குக் கோப்பினைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். கோப்பு திறந்திருக்கும்வரை அதே பெயரில் சிறு பூட்டுக் கோப்பு ஒன்று அருகில் தோன்றும். சாதாரணமாக, கடைசி நபர் வெளியேறியதும் அது மறைந்துவிடும். ஒருவராவது உள்ளே இருக்கையில் அதனை அழிக்க முற்படலாகாது.

இரண்டாவது, இரண்டு சோதனைகள். நமது கோப்பு வேறு கணினியில் திறக்கிறதா? கோளாறுள்ள கணினியில் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பு திறக்கிறதா? வெற்றுக் கோப்பும் திறவாவிடில் பெரும்பாலும் நிரலே பழுதுற்றிருக்கும். ஆபீஸ் தொகுப்பைப் பழுது பார்க்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு.

மூன்றாவது, படிவங்களும் பட்டியல்களும் அடங்கிய முகப்புக் கோப்பு ஒவ்வொரு கணினியிலும் தனிப் பிரதியாக இருப்பின், கோளாறுள்ள பிரதியை ஒதுக்கிவிட்டு, நன்கு இயங்கும் பிரதியை அங்கே வைத்துப் பார்க்கலாம்.

நான்காவது, விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்னும் குறிப்பேடு ஒன்று உண்டு. நிரல் திடீரென நின்ற நேரமும், அப்போது தவறிய பகுதியின் பெயரும் அதில் பதிவாவது வழக்கம். ஊகிப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

ஐந்தாவது, நல்ல கணினியையும் கோளாறுள்ள கணினியையும் அருகருகே ஒப்பிட்டு வேற்றுமைகளை எழுத வேண்டும். நிரலின் பதிப்பு எது? அது 32 பிட்டா, 64 பிட்டா? துணை நூலகங்களுள் ஏதேனும் காணவில்லையென்று காட்டுகிறதா? இயல்பான அச்சுப்பொறியாகக் குறிக்கப்பட்டிருப்பது எது? பின்னர் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலன் இல்லையெனில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒரே மூச்சில் பலவற்றை மாற்றினால், குறை நீங்கினாலும் காரணம் விளங்காது.

மேற்சொன்ன சங்கத்தில் குறிப்பேடு காட்டிய பெயர் அச்சுப்பொறியின் டிரைவருக்கு உரியது. பழைய அச்சுப்பொறியை அகற்றிப் பல நாட்களாகியும், அக்கணினியில் அதுவே இயல்பான அச்சுப்பொறியாக நின்றிருந்தது. பட்டியலைத் திரையில் காட்டுமுன், காகித அளவையும் ஓரங்களையும் அறிய அக்ஸஸ் அந்த டிரைவரை நாடும். அங்கேதான் அது விழுந்தது. வேறு அச்சுப்பொறியை இயல்பாக்கியதும் பட்டியல் திறந்தது. கணக்கில் ஓர் எண்ணும் பிழைபடவில்லை. எழுத்தர் மீதும் குற்றமில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. கோப்பினைச் சுருக்கிச் சீர்ப்படுத்தும் வசதி நல்லதே. ஆனால் பிரதி எடுக்காமல் அதைச் செய்யலாகாது. அக்ஸஸ் கோப்பு 2 ஜி.பி. அளவுக்குமேல் வளர இயலாதாகையால் அதன் பருமனை அவ்வப்போது கவனிக்க வேண்டும். கம்பியில்லா இணைப்பு இடையில் அறுந்தால் கோப்பு கெடக்கூடும். பொதுக் கோப்பிற்குக் கம்பி இணைப்பே பாதுகாப்பானது.

இவையெல்லாம் அலுவலகத்தாரின் வேலையென்று அங்கத்தினர்கள் வாளாவிருத்தல் தகாது. அடுத்த பொதுக்குழுவில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நமது கணக்கின் பிரதி தினந்தோறும் எடுக்கப்படுகிறதா? அதிலிருந்து கணக்கை மீட்க இயலுமா என்று யாரேனும் சோதித்துப் பார்த்ததுண்டா? தறியைச் சோதிக்காமல் நூலை எறியாதிருப்பதும், காரணத்தை அறியாமல் ஓர் ஊழியரைக் குற்றஞ் சாட்டாதிருப்பதும் சங்கத்தின் நன்மைக்கே ஆகும்.