ஆடியில் ஆறு, ஐப்பசியில் வானம்

ஆடிப் பதினெட்டு. நல்ல மழை பெய்த ஆண்டானால், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரி நுங்கும் நுரையுமாக ஓடும். அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வடக்கே, பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்தில் அதே நாளில் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். சின்ன வெங்காயம் பயிரிட்டவர் கிணற்றை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒரே மாவட்டம், அங்கே வெள்ளம், இங்கே புழுதி! ஏன் இப்படி? விடை தேடிப் புறப்பட்டால் பசிபிக் பெருங்கடல் வரை போக வேண்டியிருக்கும். வாருங்கள், போவோம்.

மலையின் இரு பக்கங்கள்

1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 ஜூல் வெப்பம் தேவை. உலர்ந்த மண்ணுக்கோ அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே போதும். ஆகவே கோடையில் நிலம் விரைவாகவும் கடல் மெதுவாகவும் சூடாகின்றன. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அதை நோக்கித் தெற்கிலிருந்து கடற்காற்று விரைகிறது. நிலநடுக்கோட்டைக் கடந்ததும் புவியின் சுழற்சியால் அது வலப்புறம் திரும்புகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று.

அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் இக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது. ஏறும் காற்று குளிரும், நீராவி மழையாகும். குடகில் பெய்யும் அந்த மழைதான் காவிரியாக வந்து ஸ்ரீரங்கத்துப் படிகளைத் தொடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் சூடேறி உலர்ந்துவிடுகிறது. உப்பிலியபுரத்தில் புழுதி கிளப்புவது இந்தக் காற்றே. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை நேர இடிமழை ஓரளவு கைகொடுக்கும். ஆனால் கிணறு நன்றாக ஊற ஐப்பசி வர வேண்டும்.

அக்டோபரில் நிலம் குளிரத் தொடங்குகிறது. கடலோ தான் வாங்கிய வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகம் பெறும் சராசரி மழை ஏறக்குறைய 440 மில்லிமீட்டர்.

வாக்கர் கண்ட தராசு

ஆனால் சில ஆண்டுகளில் மழை பொய்க்கிறதே, ஏன்? 1904-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. தராசின் இரு தட்டுகள் போல! இதற்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார்.

இத்தராசை ஆட்டுவதில் கடலுக்கும் பங்கு உண்டு என்பதை 1969-இல் ஜேக்கப் பியர்க்னெஸ் விளக்கினார். பசிபிக்கில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று வெந்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளி வைக்கிறது. சில ஆண்டுகளில் அக்காற்று தளர, வெந்நீர் கிழக்கே நகர்கிறது. இதுவே எல் நினோ. காற்று மேலெழும் இடமும் உடன் நகர்வதால் நமது தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலிகிறது. வியப்பு என்னவென்றால், வடகிழக்குப் பருவமழை அதே ஆண்டில் வலுப்பெறுவதுண்டு!

2015 அத்தகைய ஆண்டு. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு எல் நினோ மறைந்தது. 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 விழுக்காடு குறைந்தது. மழையை நம்பிய உழவர்கள் பெரும் துயருக்கு ஆளாயினர்.

ஆக, படித்துறைக்குக் கெட்ட ஆண்டு கிணற்றுக்கு நல்ல ஆண்டாக அமையலாம். அமையாமலும் போகலாம், இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலையும் புயல்களின் போக்கும் கணக்கை மாற்றிவிடும். இது போக்கேயன்றி விதியன்று.

மாணவர்களே, ஒரு குறிப்பேட்டில் தினமும் காற்றின் திசையை எழுதி வாருங்கள். மேல்காற்று நின்று கீழ்காற்று தொடங்கும் நாளை நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்த நாளுக்காகத்தான் உப்பிலியபுரத்துக் கிணறுகள் காத்திருக்கின்றன.